வெளுக்காத கன்னங்கள்

"இன்னும் ஒரு கிளாஸ்."

"சார், இதோட ஆறு."

"எண்ணாதீங்க. எண்ணிக்கிட்டே குடிச்சா உடம்புல பிடிக்காது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஒரே மடக்கு."

"வினிகரை ஒரே மடக்கா? வயித்துல தீ எரியுது சார்."

"எரியட்டும். சோகமான ஆளுக்கு உள்ளே தீ இருக்கணும். வெளியிலதான் தெரியக்கூடாது. எங்க, வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க... அடக் கடவுளே! முன்னைவிடச் சிவந்திருக்கேய்யா!"

வெளிச்சத்துப் பக்கம் திரும்பிய முகம் பார்னபி டாப்செல்லுடையது. இருபத்தெட்டு வயது. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உருண்டையான உடம்பு. கன்னங்கள் இரண்டும் செப்டம்பர் மாதத்து ஆப்பிள்கள். அழுதாலும் சிரிப்பதுபோலவே தெரியும் முகம். போன வருஷம் அவனுடைய பெரியப்பாவை அடக்கம் செய்தபோது, "இந்தப் பையனுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்று பாதிரியாரே கேட்டுவிட்டார்.

கிளாஸை நீட்டிக்கொண்டிருந்த நெட்டையான மனிதர் பதிப்பாளர் டக்கெட். புத்தகங்களைத் தவிர எல்லாவற்றையும் படித்துவிடுகிறவர். வாசகர்களின் முகம், எதிர்க்கடை ஜன்னல், அடுத்தவர் கடிதம் எதுவும் தப்பாது.

அந்த வருஷம் லண்டனில் கவிஞன் என்று பெயரெடுக்க நினைத்த இளைஞர்கள் எல்லோருமே வினிகரும் வறட்டு பிஸ்கட்டும் சாப்பிட்டு வெளுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்குப் பலித்தது. பார்னபிக்கு ஆறு நாளாகப் பலிக்கவில்லை. அவன் பகலில் ஒரு ஊறுகாய்க் கம்பெனிக்கு விளம்பரப் பாட்டு எழுதுகிறவன் என்பதால் வினிகருக்கு மட்டும் பஞ்சமில்லை.

"சார், நான் பொய் சொல்லலையே. அந்தப் புத்தகத்தை எழுதினது நான்தான். உண்மையைச் சொல்றதுக்கு எதுக்கு இந்த வேஷம்?"

"உண்மைக்குத்தான்யா வேஷம் தேவை. பொய்யை எல்லாரும் அப்படியே நம்பிடுவாங்க."

புத்தகத்தின் பெயர் 'வெளிறிய கோமகன்'. மூன்று பாகம். இரண்டு பாகங்கள் வெளிவந்து ஊரையே கலக்கிக்கொண்டிருந்தன. பாழடைந்த கோட்டையில் வசிக்கும் ஒரு பிரபு. பளிங்கு போன்ற முகம். இளம்பெண்களின் ரத்தத்தைக் குடித்துவிட்டு அதற்காக மிகவும் வருத்தப்படுகிறவன். முதல் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோடு மட்டும் இருந்தது. கௌரவமானவர்கள் இந்த மாதிரிக் கதைகளுக்குப் பெயர் போட்டுக்கொள்வதில்லை.

அந்தக் கோட்டில்தான் எல்லா வினையும். லண்டன் பெண்கள் ஆளுக்கொரு விதமாக அதை நிரப்பிக்கொண்டார்கள். எழுதியவர் ஒரு பிரபு, வெளியே சொல்லமுடியாத பாவம் ஒன்றைச் செய்தவர், நிலா எழும் நேரத்தில் இத்தாலியில் எங்கோ இடிந்த தூண்களுக்கு நடுவே உலவிக்கொண்டிருப்பவர், முகம் வெண்பளிங்கு. இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பார்னபி அதை ஹோல்பர்னில் ஒரு மாடியறையில், ஆட்டுக்கறி பணியாரம் சாப்பிட்டுக்கொண்டே மூன்று வாரத்தில் எழுதியிருந்தான்.

அவனுக்கு ஊர் என்ன நினைத்தாலும் கவலையில்லை. செலினா நினைப்பதுதான் கவலை.

செலினா ரேக் அடுத்த தெருவில் தன் மாமா நடத்தும் சந்தா வாசகசாலையில் புத்தகம் எடுத்துக்கொடுப்பவள். அவளைப் பார்ப்பதற்காகவே பார்னபி நான்கு மாதமாக தினமும் ஒரு பிரசங்கத் தொகுதியை இரவல் வாங்கி, மறுநாள் படிக்காமலே திருப்பிக்கொண்டிருந்தான். போன வாரம் ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டான்.

"மிஸ் செலினா, 'வெளிறிய கோமகன்' எழுதினது நான்தான்."

செலினா சிரித்தாள். கேலியாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பான். அன்பாகச் சிரித்தாள்.

"நீங்களா? பார்னபி, நீங்க தூங்கும்போதுகூடச் சிரிச்ச முகமாத்தான் இருப்பீங்க. அந்த மனுஷர் ஒவ்வொரு வரியையும் அழுதுக்கிட்டே எழுதியிருக்கார். அந்த வாசற்படிக் காட்சியை எத்தனை தடவை படிச்சிருக்கேன் தெரியுமா? 'அழைக்கப்படாத வாசலை அவன் தாண்டுவதில்லை. அழைத்தவர்கள் இரண்டாம் முறை அழைப்பதில்லை.' இதை எழுதின கை வெள்ளையா, மெலிசா, நடுங்கிக்கிட்டு இருந்திருக்கும்."

பார்னபி தன் கையைப் பார்த்தான். அது பன் ரொட்டி மாதிரி இருந்தது. கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இது போதாதென்று எவரார்ட் என்று ஒருவன் முளைத்திருந்தான். கல்லீரல் கோளாறால் இயற்கையாகவே வெளுத்தவன். "அந்தப் புத்தகத்தை எழுதியது நீங்கள்தானா?" என்று யாராவது கேட்டால் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். போன வாரம் செலினாவுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பெருமூச்சு விட்டிருந்தான்.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாசகசாலையில் தேநீர் விருந்து. எழுத்தாளர் நேரில் தோன்றுவார் என்று டக்கெட் அறிவித்துவிட்டார். இன்றைக்குச் செவ்வாய். அதற்குள் பார்னபி வெளுத்தாகவேண்டும். இல்லாவிட்டால் புத்தகமும் செலினாவும் பெருமூச்சுக்காரனுக்கு.

கீழே மணி அடித்தது.

பார்னபி படியிறங்கி ஓடினான். விளக்கேற்றும் நேரத்துக்கு அச்சகத்திலிருந்து புரூஃப் தாள்கள் வரும். கொண்டுவருபவரும், திருத்திய தாள்களை வாங்கிப்போகிறவரும் ராதிவோய். டான்யூப் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கோ ஒரு ஊர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். பார்னபியைப் போலவே உருண்டை, பார்னபியைப் போலவே சிவப்பு. இருவரும் எதிரெதிரே நின்றால் இரண்டு பூசணிக்காய்கள் குசலம் விசாரித்துக்கொள்வதுபோல இருக்கும்.

"பத்திரமா கொண்டாந்திருக்கேன் சார். ஒரு தாள்கூட நனையல. உள்ளே வந்து மேசையில வெச்சிடட்டுமா?"

"அதுக்கென்ன, உள்..." என்று பார்னபி ஆரம்பிப்பதற்குள் சமையலறையிலிருந்து இடி இடித்தது.

"அங்கேயே நில்லு! இப்பத்தான் தரை துடைச்சிருக்கேன்!"

வீட்டுக்காரி ஹாப்குட் அம்மாள். நவம்பர் மாதத்து லண்டன் சேறு தன் கூடத்துக்குள் நுழையக்கூடாது என்பது அவளுடைய மதம். மூன்று மாதமாக ராதிவோய் தினமும் கேட்கிறார். மூன்று மாதமாக அதே பதில். அந்த மனிதரும் கோபித்துக்கொள்வதில்லை. படிக்கு வெளியே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"பரவால்ல சார், பழகிப்போச்சு. ஒண்ணு சொல்லணும். இருபத்திரெண்டாம் அத்தியாயத்தை வர்ற வழியில படிச்சேன். மறுபடியும் வெளிறிப்போனவன்னே எழுதியிருக்கீங்க."

"நீங்க சொன்ன ஒண்ணைத்தான் போட்டேனே, ராதிவோய். அழைக்காம வாசலைத் தாண்டமாட்டான்னு. ஊரே அதைத்தான் பாராட்டுது."

"அது சரியா வந்திருக்கு. நிறத்துலதான் கோட்டை விட்டுட்டீங்க. எங்க பக்கத்துக் காட்டேரி எல்லாம் நல்லா தடிச்சு, செவந்து, மத்தளம் மாதிரி இருப்பானுங்க. கோட்டையும் கிடையாது கொத்தளமும் கிடையாது, வெறும் குடியானவனுங்க. சாப்பாடு அந்த மாதிரி இல்ல? வெளுத்துப்போயிருந்தா அவன் பட்டினி கிடக்கான்னு அர்த்தம்."

டக்கெட் மாடியிலிருந்தே கத்தினார். "தடிச்ச காட்டேரியா? அவனை நினைச்சு எந்தப் பொண்ணுய்யா தலையணையை நனைப்பா?"

ராதிவோய் வருத்தமாகத் தலையசைத்துவிட்டு மூடுபனிக்குள் போனார். ஒரு குண்டருக்கு ஆறுதலாக இன்னொரு குண்டர் சொல்லும் கதை இது என்று பார்னபி நினைத்துக்கொண்டான். மனசுக்கு இதமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் டக்கெட் ஒரு வைத்தியரோடு வந்து சேர்ந்தார். வைத்தியரிடம் ஒரு சின்னக் கத்தியும் பெரிய வெள்ளீயக் கிண்ணமும் இருந்தன.

"நோய் என்ன?" என்றார் வைத்தியர்.

"ஆரோக்கியம்" என்றார் டக்கெட்.

வைத்தியர் பார்னபியின் கன்னத்தைத் தட்டிப் பார்த்து, "ரொம்ப முத்திப்போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, முழங்கைக்குக் கீழே கீறினார். கிண்ணம் நிறைந்தது. பார்னபியின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. முதலில் மூக்கு, பிறகு காது, கடைசியாகக் கன்னம்.

"ஆஹா!" என்று கைதட்டினார் டக்கெட். "இதுதான்யா! இந்த முகத்துக்கு ரெண்டாவது பதிப்பு போடலாம்! அப்படியே ஆடாம அசையாம நாளைக்கு நாலு மணி வரைக்கும் இருங்க!"

பார்னபி அப்படியே ஆடாமல் அசையாமல் மயங்கி விழுந்தான். டக்கெட்டும் வைத்தியரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கிண்ணத்தைக்கூட எடுக்காமல், தங்களுக்கு வேறு அவசர வேலை இருப்பதை நினைவுகூர்ந்தார்கள்.

மாலையில்தான் விஷயம் கெட்டது. அறையைப் பெருக்க வந்த ஹாப்குட் அம்மாள், நாற்காலியில் சவம்போலக் கிடந்தவனைப் பார்த்து அலறினாள்.

"ஐயோ, என் பிள்ளையைக் கொன்னுட்டாங்களே! தம்பி, கண்ணைத் திற! வாயைத் திற! வாயை முதல்ல திற!"

திறந்த வாயில் மாட்டெலும்பு சூப் இறங்கியது. அதைத் தொடர்ந்து பிராந்தி. பிறகு வறுத்த ஆட்டுத்தொடை, பிறகு உருளைக்கிழங்கு, நெஞ்சு அடைக்காமலிருக்க மறுபடி பிராந்தி. பார்னபிக்கு மறுப்பதற்குத் தெம்பில்லை. ஆறு நாள் பட்டினி கிடந்தவனுக்கு மறுக்கவும் தோன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் முகம் பழைய நிலைக்கு வந்தது. அதையும் தாண்டிப் போனது. கண்ணாடியைப் பார்த்தபோது உள்ளேயிருந்து ஒரு பீட்ரூட் அவனைப் பார்த்தது.

விளக்கேற்றும் நேரத்துக்கு மணி அடித்தது. ராதிவோய்.

"என்ன சார், கையில கட்டு?" புரூஃபை நீட்டியவர் மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். "ரத்தம் எடுத்தாங்களா? உள்ளே வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டுமா? எனக்கு இதெல்லாம் கொஞ்சம் தெரியும்."

"அங்கேயே நில்லு!" என்றது சமையலறை. "தம்பி, அந்தக் கிண்ணத்தை என் பாத்திரங்களோட சேர்த்து வெச்சிடாதே. பார்த்தாலே குமட்டுது. நான் கழுவமாட்டேன், ஆமா."

"அதுக்கென்னம்மா, நான் கழுவித் தர்றேன்" என்றார் ராதிவோய். "கொடுங்க சார், குழாயடியில அலசிட்டு வர்றேன்."

பார்னபி நன்றியோடு கிண்ணத்தைக் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே நீட்டினான். ராதிவோய் அதைத் தளும்பாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பினார். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தார். கிண்ணம் புதிதாக வாங்கியதுபோலப் பளபளத்தது.

"பாரு!" என்றாள் எட்டிப்பார்த்த ஹாப்குட் அம்மாள். "வெளிநாட்டுக்காரனா இருந்தாலும் எவ்வளவு சுத்தம்!"

"பெரியவங்க வாயால கேக்க சந்தோஷம்மா" என்றார் ராதிவோய், உதட்டைத் துடைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை மதியம் வந்த டக்கெட், பீட்ரூட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"நேத்து பளிங்கு மாதிரி விட்டுட்டுப் போனேனேய்யா! யார் இந்த வேலையைச் செஞ்சது?"

"ஆட்டுத்தொடை சார்."

"மூணு மணி நேரம்தான் இருக்கு. மாவு ஏதாவது பூசலாமா? வீட்டுல வெள்ளையா என்ன இருக்கு?"

வீட்டில் வெள்ளையாக இருந்தது ஹாப்குட் அம்மாளின் கஞ்சிப்பசை மாவு. சட்டைக் காலர்களுக்குப் போடுவது. டக்கெட் ஒரு தலையணை உறையை உருட்டி, மாவில் தோய்த்து, பார்னபியின் முகத்தில் அடுக்கடுக்காக ஒற்றினார். அரைமணியில் செய்து முடித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே பயமாக இருந்தது.

"பிரமாதம். அங்க போய்ச் சிரிக்காதீங்க. எதையும் தின்னாதீங்க. முக்கியமா, செலினாவைப் பார்த்து அசடு வழியாதீங்க."

"முகத்தைத் துணி துவைக்கிற மாவால மெழுகுறதா?" என்று முணுமுணுத்த ஹாப்குட் அம்மாள், மீதிக் கூத்தைப் பார்க்கத் தானும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பினாள்.

வாசகசாலையில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். பார்னபி நுழைந்ததும் நாற்பது மூச்சுகள் ஒரே சமயத்தில் நின்றன. ஜன்னலோரம் எவரார்ட் பெருமூச்சுக்குத் தயாராக இருந்தான். செலினா தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கோப்பையோடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பார்னபி?" என்றாள் மெதுவாக. "உங்களுக்கு என்ன ஆச்சு?"

அந்தக் குரலில் முதன்முறையாக ஒரு நடுக்கம். பார்னபியின் மனம் துள்ளியது. டக்கெட் அவனைக் கணப்புக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கும் நடுவே கௌரவமான இருக்கையில் உட்காரவைத்தார்.

அங்கேதான் தவறு நடந்தது. ஒரு பக்கம் கொதிக்கும் தேநீரின் ஆவி. மறுபக்கம் கணப்பின் சூடு. மாவில் ஆவி பட்டால் கஞ்சியாகும். கஞ்சியில் சூடு பட்டால் விறைக்கும். காலருக்கு என்ன நடக்குமோ அதுவே முகத்துக்கும் நடந்தது. பத்து நிமிஷத்தில் பார்னபியால் புருவத்தை அசைக்க முடியவில்லை. பதினைந்தாவது நிமிஷத்தில் உதடு ஒட்டிக்கொண்டது.

"ஐயா, அந்த வாசற்படிக் காட்சியை உங்கள் வாயாலேயே சொல்லிக் கேட்கவேண்டும்" என்று கர்னலின் விதவை ஒருத்தி கைகூப்பினாள்.

"ம்ம்ம்" என்றான் பார்னபி.

"பாவம், சோகம் அவர் உதட்டைப் பூட்டிவிட்டது!"

"ம்ம்ம்ம்!"

மூன்று பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். டக்கெட்டின் முகம் மலர்ந்தது. அந்த நேரம் பார்த்து எவரார்ட் எழுந்து நின்றான்.

"நண்பருக்கு வார்த்தைகள் மறந்துபோயின போலும். எனக்கு அவை மறக்கமுடியாதவை" என்று சொல்லிவிட்டு, காட்சி முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்ல ஆரம்பித்தான். அருமையான குரல். கல்லீரல் கோளாறுக்காரனுக்கு இப்படி ஒரு குரலா என்று எழுதியவனே மெய்மறந்து கேட்டான். பிறகுதான் கோபம் வந்தது. எழுந்து நின்று, "திருடா!" என்று கத்த முயன்றான்.

"ம்ம்ம்மா!" என்று வந்தது.

அப்போது வெண்ணெய் தடவிய மஃபின் தட்டு அவன் மூக்குக்கு நேராகப் போனது.

ஒரு ஆட்டுத்தொடைக்கு அடங்காத ஆறு நாள் பட்டினியும் வயிற்றுக்குள் ஒன்றாக எழுந்தது. வயிறு ஒரு சத்தம் போட்டது. "நரகத்திலிருந்து வரும் முனகல்!" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். பார்னபிக்குக் காது கேட்கவில்லை. கை தானாக நீண்டது. வாய் தானாகத் திறந்தது.

'படக்' என்று ஒரு சத்தம்.

தாடையிலிருந்து காதுவரை முகம் விரிசல் விட்டது. பழைய வீட்டுச் சுவர்ப் பூச்சு மாதிரி ஒரு பாளம் பெயர்ந்து கர்னலின் விதவையுடைய தேநீரில் விழுந்தது. உள்ளே செக்கச் செவேலென்று ஒரு கன்னம். மஃபினை மென்றபோது அடுத்ததும் வெளிவந்தது.

கூடம் அதிரச் சிரித்தார்கள். செலினா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டு பார்னபி இரண்டாவது மஃபினை எடுத்தான். அந்தத் துக்கத்தில் அவனுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டக்கெட் ஒரு நொடி யோசித்தார். ஒரே நொடிதான். பிறகு எவரார்டுக்கு நேராகத் திரும்பி ஆழமாகக் குனிந்தார்.

"பெண்மணிகளே! சிறு வேடிக்கை செய்தேன், மன்னியுங்கள். இதோ, உண்மையான எழுத்தாளர்!"

எவரார்ட் ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

பார்னபி தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியேறினான். வாசலில் டக்கெட் அவன் காதில், "தப்பா நினைக்காதீங்க, இது வியாபாரம்யா" என்றார்.

வீட்டுக்கு வந்து முகத்தைச் சுரண்டிக் கழுவிவிட்டுக் கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டில் யாருமில்லை. ஹாப்குட் அம்மாள் மீதி மஃபின்களைப் பொட்டலம் கட்டுவதற்காக விருந்திலேயே தங்கிவிட்டாள். தெருவில் மூடுபனி கெட்டியாகிக்கொண்டிருந்தது.

கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் செலினா. கையில் அவனுடைய தொப்பி.

மணமாகாத பெண் தனியாக வரக்கூடாத இடம். அதனால் அவள் வாசல் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்றபடியே பேசினாள்.

"இதை விட்டுட்டு வந்துட்டீங்க."

"தேங்க்ஸ். சிரிக்கணும்னா சிரிச்சிடுங்க, மிஸ் செலினா."

"சிரிப்பு வரலை. எதுக்கு இப்படிப் பண்ணினீங்க?"

"நீங்க வெளுத்த கையைக் கேட்டீங்களே."

செலினா தொப்பியை நாற்காலியின்மேல் வைத்தாள். பிறகு நேராகப் பார்த்தாள்.

"எவரார்ட் இப்பத்தான் மாமாகிட்ட என்னைப் பெண் கேட்டார். மாமாவுக்குத் தலைகால் புரியலை. நான் வீட்டுக்குப் போய்ப் பதில் சொல்லணும். வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஒரு ஏமாத்துக்காரன் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கமாட்டான். சும்மா பெருமூச்சு விட்டிருப்பான். எனக்கு உங்களை நம்பணும்போல இருக்கு, பார்னபி. ஆனா மாமா நம்பணுமே. கையெழுத்துப் பிரதி இருக்கா?"

"டக்கெட்டோட பெட்டியில."

"யாராவது பார்த்திருக்காங்களா? நீங்க எழுதினதை? ஒரே ஒரு சாட்சி போதும். நான் அந்த ஆளைக் கையோட கூட்டிக்கிட்டுப் போய் மாமா முன்னாடி நிறுத்தறேன். எவரார்ட் முகம் இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும்."

"சாட்சி" என்றான் பார்னபி. நின்ற இடத்திலேயே துள்ளிக் குதித்தான். "சாட்சி இருக்கு! ஒவ்வொரு தாளையும் என் கையிலிருந்து வாங்கிக்கிட்டுப் போன ஆள்! இப்ப வர்ற நேரம்தான்!"

எதிர்ச் சாரியில் விளக்கேற்றுகிறவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். திறந்திருந்த வாசலில் மூடுபனி ஒரு சுருள் உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே, படிக்கு வெளியே, ஒரு உருண்டையான உருவம் வந்து நின்றது. தொப்பி கையில். நேற்றைவிடவும் சிவந்த கன்னம்.

"கடைசி அத்தியாயம் சார். பத்திரமா இருக்கு." செலினாவைப் பார்த்ததும் ராதிவோய் இன்னும் மலர்ந்தார். "அம்மாவும் இருக்காங்களா. நல்லது, நல்லது."

"ஐயா, ஒரே கேள்வி" என்றாள் செலினா. "'வெளிறிய கோமகன்' எழுதினது இவர்தானா?"

"இவரேதான். தப்பும் இவரோடதுதான். நல்லா தடிச்ச, செவத்த ஆளுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல. அந்த வாசற்படி சமாச்சாரம் மட்டும் நான் சொன்னது."

"நீங்களா?" செலினா ஒரு அடி முன்னால் வந்தாள். "அது என் உயிர். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாம் சொந்த அனுபவம்தாம்மா."

"இதை மாமாகிட்ட வந்து சொல்வீங்களா? சத்தியம் பண்ணி?"

"பண்றேனே. ஆனா சத்தியத்தைத் தெருவுல நின்னு பண்ணக்கூடாது. வீட்டுக்குள்ள, அடுப்பு முன்னாடி நின்னு பண்ணினாத்தான் எங்க ஊர்ல செல்லும்." ராதிவோய் கூடத்துக்குள் எட்டிப்பார்த்தார். சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்தார். சத்தமில்லை. "வீட்டுக்காரம்மா இல்லையா சார்?"

"இல்லை" என்றான் பார்னபி உற்சாகமாக. "சேற்றைப் பத்தி இன்னைக்குக் கவலையே வேண்டாம்!"

"பார்னபி, சீக்கிரம்!" என்றாள் செலினா. "அவரைக் குளிர்ல நிக்கவைக்காதீங்க!"

அவள் கை அவனுடைய பன் ரொட்டிக் கையைப் பற்றியிருந்தது. பார்னபியின் கன்னங்கள் வாழ்க்கையிலேயே அதிகமாகச் சிவந்தன. ராதிவோய் அவற்றை ஒரு நல்ல சமையல்காரர் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, இரண்டு காலணிகளின் நுனியையும் வாசற்படியின் விளிம்பில் ஒழுங்காகச் சேர்த்துவைத்துக்கொண்டு, பணிவாகச் சொன்னார்:

"சாட்சி என்ன சார், தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல என்னைப் புதைச்ச நாள்ல இருந்து முழுக் கதையும் சொல்றேன், 'உள்ளே வா'ன்னு ஒரே ஒரு வார்த்தை, உங்க வாயால சொல்லுங்களேன்."